தங்கூசியில் திறக்கும் மூக்குக் கதவு: வெள்ளத்தில் நனைந்த சரக்கு விமான மாடல்களைச் சரிசெய்த கதை

போயிங் 747-400எஃப் சரக்கு விமானத்தின் மூக்குக் கதவு மறுபடி மேலே தூக்கி நிற்கிறது. நிஜத்தில் 400-இல் ஒரு பங்கு அளவில் (1:400) உலோகத்தில் வார்த்த டை-காஸ்ட் மாடல். துருவேறி இறுகிக் கிடந்த கீல் ஊசியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பைச் செருகியிருக்கிறேன். எந்தக் கோணத்தில் விட்டாலும் கதவு அங்கேயே நிற்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த புதிதில்கூட அப்படி நின்றதில்லை. கடலோர ஊர்களில் இந்த மாதிரி மாடல்களை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர்க்காரர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஃபிரிட்ஜ், மெத்தை, அம்மாவின் தையல் மிஷின் என்று தூக்கி வைக்க வேண்டியவை நிறைய இருந்ததால், மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மாடல்களின் முறை கடைசியில்தான் வந்தது. வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகும் மாடல்களுக்குத் தண்ணீர் வடியவில்லை. அட்டைப்பெட்டிக்குள் விமானத்தின் வடிவத்திலேயே குழிவாக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் குழி தொட்டி மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. சாக்கடை கலந்த தண்ணீரில் விமானங்கள் மல்லாந்தபடி ஊறிக்கொண்டிருந்தன. வெள்ளம் செய்ததைவிட அந்தத் தட்டு செய்த சேதம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

கீழ்த்தட்டில் இருந்தவை நான்கு. கார்கோலக்ஸ் வண்ணத்தில் மூக்கு திறக்கும் 747-400எஃப், ஒரு எம்டி-11 சரக்கு விமானம், பழைய டிசி-8 ஒன்று, பயணிகள் வண்ணத்தில் ஒரு போயிங் 757-200. 777எஃப் மேல்தட்டில் இருந்ததால் தப்பியது.

747-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 400எஃப் ரகத்தின் முதல் விமானம் 1993-இல் கார்கோலக்ஸிடம்தான் போய்ச் சேர்ந்தது. சரக்கு விமானங்களில் எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் அந்த மூக்கு. முழு மூக்கும் மேலே தூக்கிக்கொள்ள, நீளமான சரக்கை நேராக உள்ளே தள்ளலாம். மேலே விமானிகள் அறை இருப்பதால் மூக்கு வழியாக ஏறும் சரக்கின் உயரம் 2.4 மீட்டரைத் தாண்ட முடியாது. 3 மீட்டர் உயரச் சரக்குக்குப் பின்பக்கம் இடப்புறத்தில் தனிக் கதவு இருக்கிறது. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், ஏடிஆர் ரகச் சிறிய விமானங்களுக்கு ஏற்றது. ஆகவே புதுச்சேரியில் 747 வேண்டுமென்றால் அலமாரியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

முதல் வேலை கழுவுவது. குழாய்த் தண்ணீரைத் தவிர்த்தேன், எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் 110 ரூபாய்க்கு வாங்கி, ஒவ்வொரு மாடலையும் பெரிய டப்பாவில் மூழ்கவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசினேன். சக்கரங்களுக்கு நடுவிலும் இறக்கை உடலோடு சேரும் பள்ளத்திலும் குழந்தைகள் பல்தூரிகையால் மெதுவாகத் தேய்த்தேன். கடைசி அலசலுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள், அரை லிட்டருக்கு 220 ரூபாய் கொடுத்தேன். இடுக்கில் நிற்கும் நீரை இழுத்துக்கொண்டு அது ஆவியாகிவிடும். பிரிண்ட் இருக்கும் இடத்தில் பஞ்சால் தேய்க்கக் கூடாது, ஊற்றி வடியவிட்டால் போதும்.

உலர்த்துவதற்கு ஹேர் டிரையர் கையில் எடுப்பவர்கள் உண்டு. டிசி-8 எப்படியும் போன கேஸ் என்று தெரிந்ததால் அதன் வாலில் மட்டும் காட்டிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் இருந்த ஈரம் சூடேறி, தட்டையாக இருந்த இடத்தில் புதிதாகக் கொப்புளம் எழும்பியது. மற்ற மூன்றையும் மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துவிட்டேன். ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறுவது நிற்கும்வரை ஜெல்லை மாற்றிக்கொண்டே இருந்தேன். பொறுமைதான் வேண்டும். வெயிலிலும் வைக்கவில்லை.

உலர்ந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது படம் தெளிவாகிவிட்டது. இந்த மாடல்களின் உடல் ஜமாக் என்ற துத்தநாகக் கலவை. அதில் 4 சதவீதம் போல அலுமினியம், அதோடு கொஞ்சம் மக்னீசியமும் செம்பும். ஊறிய இடங்களில் மாவு போல வெள்ளைத் துரு படிந்திருந்தது. அது மேலோட்டமானது, மூங்கில் பல்குச்சியால் சுரண்டினாலே வந்துவிட்டது. உலோகம் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. உண்மையான சேதம் எங்கெல்லாம் இரும்பு இருந்ததோ அங்கே. சக்கர அச்சு, கீல் ஊசி, முன்சக்கரக் காலைப் பிடிக்கும் சிறு ஆணி எல்லாமே செந்துரு ஏறி, பருத்து, சுற்றியுள்ள துத்தநாகத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

வெள்ளைத் துருவுக்கு வினிகர் போடலாமா என்ற கேள்வி வரும். டிசி-8-இன் ஒரு துண்டை வினிகரில் போட்டதும் சிறு குமிழிகள் கிளம்பின. துருவோடு உலோகமும் கரைகிறது, விளிம்புகள் மழுங்கிப்போகின்றன. வேண்டவே வேண்டாம்.

டிசி-8 வெள்ளத்தால் போகவில்லை, அதற்கு முன்பே போயிருந்தது. இறக்கை அடியில் மெல்லிய வெடிப்புகள் வலை போல ஓடியிருந்தன. இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. நகத்தால் அழுத்தினால் ஓரம் பொடிந்து விழுந்தது. வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயமோ காட்மியமோ வெள்ளீயமோ கொஞ்சம் கலந்திருந்தால், வருஷக்கணக்கில் உள்ளிருந்தே இப்படி அரிக்கும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் பக்கத்து மாடலுக்கு இது தொற்றிவிடும் என்று பயந்து தூக்கி எறிய வேண்டியதில்லை, அந்தந்த வார்ப்பின் கலவையில் இருக்கும் கோளாறு அது. டிசி-8-இன் பிளாஸ்டிக் எஞ்சின்களையும் சக்கரங்களையும் உதிரிபாகமாக எடுத்து வைத்துக்கொண்டு, உடலைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். மேலே சொன்ன சோதனைகள், இனிமேல் சொல்லப்போகிற சோதனைகள் எல்லாம் அதன்மேல் நடந்தவைதான்.

இனி கீல். 747-இன் உடல் பக்கம் துளையுள்ள இரண்டு சிறு காதுகள், கதவு பக்கம் நடுவில் அதேபோல் ஒரு காது, மூன்றையும் கோத்து ஒரு இரும்பு ஊசி. வெர்னியர் அளவுகோலில் ஊசியின் விட்டம் 0.52 மி.மீ. காட்டியது. துரு ஏறியதில் கதவு அரைக்கால்வாசி திறந்த நிலையில் உறைந்துபோயிருந்தது. பலம் கொடுத்தால் காதுதான் உடையும்.

டபிள்யூடி-40 ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். அசையவில்லை. அதோடு எண்ணெய் பெயிண்டின் ஓரத்துக்கு அடியில் ஊர ஆரம்பித்ததால் உடனே ஐபிஏ விட்டுக் கழுவினேன். அடுத்து 0.5 மி.மீ. டிரில் பிட்டைக் கைச்சக்கில் (கையால் சுழற்றும் பிடியில்) மாட்டி ஊசியையே துளைத்து எடுக்கப் பார்த்தேன். கைச்சக்கு 260 ரூபாய், பிட்டுகள் பத்து சேர்ந்த பாக்கெட் 180. இரும்பு கடினம், துத்தநாகம் மெது. பிட் இரும்பை விட்டு நழுவி மெதுவான பக்கம் போகிறது. 1 மி.மீ. ஆழம் போவதற்குள் துளை சாய ஆரம்பித்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் அரை மில்லிமீட்டரிலேயே லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஆனது சூடு. துத்தநாகம் இரும்பைவிட இருமடங்குக்கு மேல் விரிவடையும். ஆகவே மொத்த இடமும் கொஞ்சம் சூடேறினால் துளை ஊசியைவிட அதிகமாகப் பெரிதாகும். மூக்கின் பெயிண்டைச் சுற்றி ஈரப் பஞ்சை ஒட்டி வைத்துவிட்டு, 25 வாட் சால்டரிங் அயர்னின் நுனியை ஊசியின் ஒரு முனையில் சில வினாடி வைத்தேன். எடுத்த கையோடு மறுமுனையில், நுனியைத் தட்டையாகத் தேய்த்த தையல் ஊசியால் நேராகத் தள்ளினேன். முதல் தள்ளலில் நகரவில்லை. ஆறவிட்டு மறுபடி. சூடேற்றுவதும் ஆறுவதுமாகப் போனதில் துருவின் பிடி உடைந்து, சட்டென்று அரை மில்லிமீட்டர் வெளியே வந்தது. அதன் பிறகு மூக்குக் குறடால் பிடித்து இழுக்க முடிந்தது. ஊசி இரண்டு துண்டாக வந்தது. நடுப்பகுதி அரிக்கப்பட்டு 0.3 மி.மீ.கூட இல்லை.

வலப்பக்கக் காதில் மயிரிழை வெடிப்பு. ஃபெவிக்விக் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்தான். ஆனால் அது இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்துப் பெயிண்டில் வெள்ளைப் படலமாகப் படியும். டிசி-8-இன் நெற்றியில் அப்படிப் படிந்ததைப் பார்த்தபின் 747 பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை. காலாவதியான ஏடிஎம் கார்டிலிருந்து 3 மி.மீ.க்கு 2 மி.மீ. துண்டு வெட்டி, 0.76 மி.மீ. தடிமனை உப்புத்தாளில் தேய்த்து 0.4 ஆக்கி, காதின் உட்பக்கத்தில் முட்டுக்கொடுத்தேன். ஒட்டியது சாதாரண அரால்டைட், ஐந்து நிமிஷத்தில் இறுகுகிற ரகம் இல்லை. ஒரு முழுநாள் இறுகவிட்டு, அப்புறம்தான் துளையை 0.65 மி.மீ.க்குக் கையாலேயே சீராக்கினேன்.

புது ஊசிக்கு எதைப் போடுவது என்பதில் கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி இரும்பு வேண்டாம். பித்தளைக் கம்பி நகைப்பட்டறையில் கிடைக்கிறது. ஆனால் துத்தநாகத்தோடு பித்தளையைச் சேர்த்து ஈரம் பட்டால் அரிப்பது துத்தநாகம்தான், அதாவது மாடலின் உடல். துருப்பிடிக்காத எஃகுக்கும் அதே கதை. உலோகமே இல்லாமல் ஒன்று வேண்டும், வளையாமல் உறுதியாக இருக்க வேண்டும், அரை மில்லிமீட்டர் கிட்ட விட்டம் இருக்க வேண்டும் என்று யோசித்தபோது பதில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் இருந்தது.

வலை, தூண்டில் சாமான் விற்கிற கடை. 0.60 தங்கூசி கேட்டேன்.

"என்ன மீனுக்கு தம்பி?"

"மீனுக்கு இல்லண்ணே, சின்ன பொம்மை விமானத்துக் கதவுக்குக் கீல் போடணும்."

அவர் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ நேரா நிக்கணும்ல. சுருள்ல இருந்து எடுத்தது வளைஞ்சே இருக்கும். ஒரு முழம் வெட்டி ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டு, சுடுதண்ணிய ஊத்தி அப்படியே ஆறவிடு" என்றார். சுருள் 50 ரூபாய். இந்த மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ள யோசனை அதுதான். ஜன்னல் கம்பியில் இரண்டு முனையையும் கட்டி, கொதிநீரை மெதுவாக ஊற்றி, ஆறியபின் வெட்டினால் நரம்பு ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி வந்தது.

மூன்று காதுகளிலும் கோத்து, இருபுறமும் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி பிளேடால் நறுக்கினேன். சூடான அயர்ன் நுனியை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், தொட வேண்டாம். நைலான் தானே உருகிக் குடை போல விரிந்து தலை கட்டிக்கொள்கிறது. தொட்டால் இழை இழையாக இழுத்துக்கொண்டு வரும். துளை 0.65, நரம்பு 0.60. ஆனாலும் கதவு தொங்கவில்லை. நரம்பு காதுகளின் சுவரில் லேசாக உரசிப் பிடிப்பதால் முழுக்கத் தூக்கினாலும் நிற்கிறது, பாதியில் விட்டாலும் நிற்கிறது. மூடினால் கன்னத்தோடு சீராகப் பொருந்துகிறது. இடப்புறம் மட்டும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது, அது முன்பிருந்தே உள்ளது.

சக்கரங்களுக்கும் அதே நரம்பின் மெல்லிய ரகம், 0.40. நிஜ 747-க்கு 18 சக்கரம். உடலுக்கும் இறக்கைக்கும் அடியில் நான்கு நான்காக நான்கு கூட்டம், முன்னால் இரண்டு. நிஜ டயரின் விட்டம் 49 அங்குலம், 1:400-இல் அது 3.1 மி.மீ. மாடலில் அளந்தபோதும் அதேதான் வந்தது. அச்சுகள் ஒன்பதில் உறைந்துபோனவற்றை மட்டும் மாற்றினேன். நல்லபடியாகச் சுற்றுகிறவற்றை நோண்டவில்லை. அளவு பார்க்கும் ஆசையில் மொத்த மாடலையும் வெர்னியரில் வைத்தேன். நிஜ விமானத்தின் நீளம் 70.66 மீட்டர், 400-ஆல் வகுத்தால் 176.6 மி.மீ. என்னுடையது 176.4. இறக்கை விரிப்பு 161-க்குச் சரியாக 161. இவ்வளவு துல்லியம் தருவது பெரிய விஷயம்.

பெயிண்டில் இடப்பக்க இறக்கை வேரில் நாலைந்து கொப்புளங்கள், வால் அடியில் ஒன்று. சுரண்டி மறுபடி அடிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. வாலில் அடுக்கிய சிவப்புப் பெட்டிகள், கதவோரத்து எழுத்துகள், லென்ஸில் மட்டும் படிக்க முடிகிற எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் ஆலையில் சிலிக்கோன் அச்சால் ஒற்றியவை. வீட்டில் அந்தத் தரம் வராது. ஆகவே ஒவ்வொரு கொப்புளத்தின் கீழோரத்திலும் ஊசியால் ஒரு துளை. சிலிகா ஜெல் டப்பாவில் மறுபடி உலர்த்தல். பிறகு 000 தூரிகையின் நுனியால் நீர்த்த அக்ரிலிக் வார்னிஷைத் துளைக்குள் ஊறவிட்டு, பட்டர் பேப்பர் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தேன். முக்கால்வாசி தட்டையாகிவிட்டது. வால் அடியில் இருந்ததை மட்டும் தொடவில்லை. அழுத்தினால் சிவப்பு அச்சு நொறுங்கும்போல் இருந்தது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எம்டி-11-க்குச் சக்கர அச்சு மாற்றியதோடு சரி.

757 வேறு கதை. ஒரு பக்கம் முழுக்கப் பெயிண்ட் எழும்பி, பயணிகள் ஜன்னல் வரிசை துண்டு துண்டாகிவிட்டது. காப்பாற்ற அச்சிட்ட எழுத்தோ படமோ எதுவும் மிஞ்சாததால், அதைச் சரக்கு விமானமாகவே மாற்றிவிடலாம் என்று தோன்றியது. நிஜத்திலும் 757-களுக்கு வயதான காலத்தில் நடப்பது இதுதான். ஜன்னல்களை அடைத்து, முன்பக்கம் இடப்புறத்தில் பெரிய கதவு வெட்டி, இருக்கைகளைத் தூக்கிவிட்டு உருளைகள் பதித்துவிடுகிறார்கள். சென்னையை மையமாக வைத்துப் பறக்கும் புளூடார்ட்டின் 757-கள் நம்மூர்க்காரர்களுக்குப் பழக்கமானவை. எனக்கு இந்த விமானத்தின்மேல் இருக்கும் பிரியமே அங்கிருந்து வந்ததுதான்.

பெயிண்டை எடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எஞ்சின்கள், சக்கரக் கால்கள், வால் கிடை இறக்கைகள் எல்லாம் சுடுநீரில் சற்று வைத்தாலே பசை இளகிக் கழன்றன. இறக்கைகளின் சாம்பல் வண்ணம் நன்றாகவே இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. உடலுக்கு மட்டும் ஹார்ட்வேர் கடை பெயிண்ட் ரிமூவர் ஜெல், மொட்டைமாடியில், கையுறை போட்டுக்கொண்டு. காஸ்டிக் சோடா கரைசலில் போடச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்புக்கு அது சரி. துத்தநாகத்தை அமிலம் மட்டும் இல்லை, காரமும் தின்னும்.

வெறும் துத்தநாகத்தின்மேல் சாதாரண பிரைமர் நிற்காது. அடித்து, காய்ந்தபின் செல்லோடேப் ஒட்டி இழுத்தால் தோல் உரிவதுபோல் வரும். தெரிந்த டிங்கரிங் ஷெட்டில் பெயிண்டர் அண்ணன் வாஷ் பிரைமர் (வெறும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார், 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். அது மெல்லிய ஒரு பூச்சு, அதற்குமேல் பரப்பைச் சமமாக்கும் சாம்பல் சர்ஃபேசர். இப்போது டேப் சோதனையில் எதுவும் வரவில்லை.

பூச்சுக்கு நடுவில் கதவு வேலை. 757 சரக்கு விமானத்தின் பிரதான கதவு 134 அங்குலத்துக்கு 86 அங்குலம். 1:400-இல் 8.5 மி.மீ. அகலம், 5.5 மி.மீ. உயரம். உடலின் மொத்த அகலமே 9.4 மி.மீ.தான் என்பதால், கதவின் மேல்விளிம்பு தோள்பட்டையில் ஏறி வளைகிறது. தட்டையான ஸ்கேல் அங்கே உட்காராது. கூல்டிரிங்க்ஸ் டின்னிலிருந்து அலுமினியத் தகடு வெட்டி, நடுவில் அந்த அளவுக்குச் சன்னல் திறந்து, ஒரு பென்சிலில் வைத்து உருட்டி வளைவு கொடுத்து, இருபக்க டேப்பால் உடலில் ஒட்டினேன். மூலைகளை வட்ட அரத்தால் கொஞ்சம் உருட்டிவிட்டேன், நிஜக் கதவிலும் மூலை கூராக இருக்காது. பிறகு கைச்சக்கில் தையல் ஊசியை மாட்டி, அழுத்தாமல், எடையே இல்லாத மாதிரி நிறையத் தடவை இழுத்தேன். முதல் சில இழுப்புகளில் எதுவும் தெரியாது. அப்புறம் சர்ஃபேசரில் ஒரு வெளிறிய கோடு, அப்புறம் அந்தக் கோட்டின் அடியில் உலோகத்தின் மினுமினுப்பு. அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் போனால் ஊசி தானாகவே ஒரு பக்கம் ஓட ஆரம்பிக்கும். நடுப்பகுதிப் பயணிகள் கதவுகளின் செதுக்கிய கோடுகளை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) புட்டியால் அடைத்து, 1000, 1500 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். முன்கதவை விட்டுவிட்டேன், மாற்றப்பட்ட விமானங்களில் விமானிகள் ஏறுவது அது வழியாகத்தான்.

வெள்ளை அடிக்கும்போது புதுச்சேரிக் காற்று தன் வேலையைக் காட்டியது. என்.சி. வெள்ளை முதல் பூச்சு காய்ந்ததும் பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருந்த ஈரம் அதில் படிந்துவிடுகிறது. பெயிண்டர் அண்ணனிடம் காட்டியதும், "ரிடார்டர் கொஞ்சம் சேருங்க சார், அதுவும் கடக்காத்து கிளம்புறதுக்கு முன்னாடி அடிச்சிருங்க" என்றார். ரிடார்டர் என்பது தின்னர் ஆவியாவதை மெதுவாக்கும் திரவம். 320 ரூபாய்க்கு ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி மாடியில் மாட்டினேன். முற்பகல் வெயில் ஏறி, கடற்காற்று திரும்புவதற்கு முன் உள்ள இடைவெளியில்தான் அளவு 65 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த நேரத்தில் அடித்த பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. காலையில் சீக்கிரமே எழுந்து அடிப்பது நல்லது என்று நினைப்போம். நம் ஊரில் அந்த நேரத்தில்தான் ஈரம் அதிகம்.

நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் போடவில்லை. நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள் வாங்கி லேசர் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம், அந்தத் தாளை மிஷினில் விட ஒப்புக்கொள்கிற ஜெராக்ஸ் கடையும் தேடினால் கிடைக்கும். ஆனால் முழு வெள்ளையில், வாலில்கூட எதுவும் இல்லாமல் பறக்கிற வாடகைச் சரக்கு விமானங்கள் நிஜத்தில் நிறைய உண்டு. கதவுக் கோட்டில் நீர்த்த சாம்பல் வண்ணத்தை ஓடவிட்டுத் துடைத்ததும், அந்த வெள்ளையில் கதவு மட்டும் தனியாகத் தெரிகிறது. அதுவே போதும் என்று தோன்றியது.

மொத்தச் செலவு, கருவிகளையும் சேர்த்து, 1,900 ரூபாய்க்குள். அதில் கைச்சக்கு, டிரில் பிட், ஈரப்பத மீட்டர் எல்லாம் இனி எப்போதும் பயன்படும். 747-க்கு மட்டும் கணக்குப் பார்த்தால் தங்கூசி, அரால்டைட், டிஸ்டில்டு வாட்டர், ஆல்கஹால், வார்னிஷ், அவ்வளவுதான்.

அடுத்த தடவை மாற்றிச் செய்யப்போவது சில. கீலுக்கு டிரில் பிட்டை எடுக்கவே மாட்டேன், நேராகச் சூட்டுக்குப் போவேன். 757-க்கு முதல் பூச்சிலிருந்தே ரிடார்டர். மாடல்களை மர அலமாரியில் வைப்பதை நிறுத்திவிட்டேன். வெள்ளம் இல்லாவிட்டாலும், மரமும் ஒட்டுப்பலகையும் மெதுவாக விடுகிற அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. இப்போது எல்லாம் அக்ரிலிக் பெட்டியில், இடுப்புக்கு மேல் உயரத்தில். பெட்டிக்குள் சிலிகா ஜெல் வைத்ததும் ஈரப்பதம் 45-க்கும் 50-க்கும் இடையில் நிற்கிறது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் குழித்தட்டுகளில் எதையும் வைப்பதில்லை. தட்டுகளையே வைத்திருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குழியின் அடியிலும் சூடான ஆணியால் இரண்டு துளை போட்டுவிடுங்கள். மாடல் பெட்டியின் விலைமதிப்பு குறையும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், விமானம் பிழைத்தால்தான் பெட்டிக்கே மதிப்பு.

கடலூர் உப்பலவாடிப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர், அதே புயலின்போது தென்பெண்ணை வெள்ளத்தில் மாட்டிய தன்னுடைய அன்டோனோவ் ஏஎன்-124-ஐக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் மூக்கும் மேலே தூக்கும் வகைதான், பின்பக்கம் சரிவுப் பாதையும் உண்டு. இரண்டு கீலும் இறுகிக் கிடக்கின்றன. மூக்குக் கீலின் ஊசி 0.41 மி.மீ. அளந்தாயிற்று, சக்கரத்துக்கு வாங்கிய 0.40 சுருளில் மிச்சம் இருப்பதே போதும். பின்கதவின் காது கடுகளவுதான் இருக்கிறது. அதில் அயர்ன் நுனியை வைத்தால் பக்கத்து பிளாஸ்டிக் சரிவுத்தளம் உருகுமா என்பதை டிசி-8-இல் மிச்சமிருக்கும் துண்டில் முதலில் பார்த்துக்கொள்ளப் போகிறேன்.